பவுனில் பேசுங்கள், கிராமில் எழுதி வாங்குங்கள்

அக்காவும் தங்கையுமாக இருவர் ஒருநாள் என் மேசைக்கு வந்தார்கள். வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருக்கிறேன். அடகு வைக்க வருகிறவர்களைத்தான் பெரும்பாலும் பார்ப்பேன். இவர்கள் எடை பார்த்துச் சொன்னால் போதும் என்றார்கள். மறைந்த அம்மா இருவருக்கும் ஒரே அளவில், இரண்டு பவுன் மூன்று கிராமில், சங்கிலி செய்துபோடச் சொல்லியிருந்தாராம். அக்காவின் சங்கிலி தராசில் 19.010 கிராம் காட்டியது. தங்கையுடையது 18.420. இடையில் 590 மில்லிகிராம். இதற்காக ஐந்து ஆண்டுகள் இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தங்கை மணிபர்ஸிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார். இரண்டாவது சங்கிலிக்காக அவர்களுடைய அண்ணன் பட்டறைக்கு எழுதிக் கொடுத்தது. அதில் ‘2.3 பவுன்’ என்று இருந்தது. அண்ணன் நினைத்தது இரண்டு பவுன் மூன்று கிராம். ஆசாரி கணக்குப் போட்டது 2.3 பெருக்கல் எட்டு, அதாவது 18.4 கிராம். இரண்டு பவுன் மூன்று கிராமைப் பவுனிலேயே எழுத வேண்டுமானால் 2.375 என்று எழுத வேண்டும். ஐந்தடி ஆறு அங்குலத்தை 5.6 என்று எழுதுகிறோமே, அதே பழக்கம்தான் இது. நமக்கு அது இரண்டு எண்களைப் பிரிக்கும் புள்ளி. கால்குலேட்டருக்குத் தசமப் புள்ளி. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை அந்த இருவருக்கும் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. இந்தப் புள்ளியை வாரம் ஒருமுறையாவது ஏதாவது ஒரு சீட்டில் பார்க்கிறேன்.

பவுன் கெட்ட அளவு என்று நான் சொல்லவில்லை. எட்டுக் கிராம் என்பதால் நம் பழைய பின்னங்களுக்கு அது அழகாக இசைகிறது. அரைப் பவுன் நான்கு கிராம், கால் பவுன் இரண்டு, எட்டில் ஒன்றான அரைக்கால் ஒரு கிராம், பதினாறில் ஒன்றான மாகாணி 500 மில்லிகிராம். மனக்கணக்குக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் இந்த எட்டு என்பதே வணிகத்துக்காக முழுமையாக்கிய எண். பவுன் என்ற பெயருக்கு மூலமான ஆங்கிலேயத் தங்க நாணயத்தின் எடை 7.988 கிராம். அது 22 கேரட் நாணயம். அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். பாட்டி காலத்து நாணயங்கள் பத்து வைத்திருந்தால் தராசு 80 காட்டாது, 79.88தான் காட்டும். தேய்ந்திருந்தால் இன்னும் குறையும். கடைக்காரர் குறைத்துவிட்டார் என்று அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

வளைகுடாவிலிருந்து வந்த ‘பத்துத் தோலா பிஸ்கட்’ வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஒரு தோலா 11.664 கிராம். பத்துத் தோலா 116.64 கிராம், நம் கணக்கில் 14 பவுனும் 4.64 கிராமும். அதைப் பத்துப் பவுன் என்று நம்பிப் பங்கு பிரிக்கப் போன குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். போதாக்குறைக்கு மகாராஷ்டிரத்தில் இன்று 10 கிராமையே தோலா என்று பேசுகிறார்கள். அவுன்ஸும் அப்படித்தான். செய்திகளில் வரும் தங்க அவுன்ஸ் 31.1035 கிராம், சமையல் அளவில் வரும் அவுன்ஸ் 28.35. இரண்டாவதால் வகுத்துவிட்டு, உலக விலைக்கும் உள்ளூர் விலைக்கும் கணக்கு இடிக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு.

பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் வெள்ளி, பித்தளைப் பாத்திரங்கள் சேர் என்ற பழைய எடைக் கணக்கில் இருக்கும். சென்னை மாகாணத்துச் சேர் 24 தோலா, ஏறத்தாழ 280 கிராம். பலம் என்ற எடை மூன்று தோலா; எட்டுப் பலம் கொண்டது அந்தச் சேர். வடநாட்டுச் சேர் 80 தோலா, 933 கிராம். இணையத்தில் ‘சேர்’ என்று தேடினால் பெரும்பாலும் முன்னால் வருவது இரண்டாவதுதான். பத்திரம் எந்த ஊரில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் பெருக்கினால் மும்மடங்குக்கு மேல் தவறு வரும்.

கேரட் விஷயத்தில் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். தங்கத்துக்குக் கேரட் என்பது தரம். கல்லுக்குக் கேரட் என்பது எடை, 0.2 கிராம். கல் பதித்த ஆரத்தில் ஐந்து கேரட் கல் என்றால் ஒரு கிராமைக் கழித்த பிறகே தங்கத்தின் எடை. உள்ளே அரக்கு அடைத்த நகை என்றால் அரக்கையும் கழிக்க வேண்டும். ரசீதில் மொத்த எடை, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்த எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். நகைக் கடனுக்கு இந்த விவரங்களை எழுதித் தரும்படி 2025 ஜூனில் வெளியான ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் கடன் கொடுப்பவர்களுக்குச் சொல்கின்றன.

பேச்சில் பவுன் இருக்கட்டும். ரசீது, அடகுச் சீட்டு, உயில், சீர்வரிசைப் பட்டியல் எல்லாவற்றிலும் கிராம்தான் இருக்க வேண்டும். அதுவும் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கங்களுடன். ரசீதில் கிராம் என்பது சட்டமும்கூட. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் விலைப்பட்டியலிலும் ரசீதிலும் மெட்ரிக் அளவையே கேட்கிறது. எடை போடும்போது தட்டு காலியாக இருக்கையில் தராசு 0.000 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் துறையின் எடையளவு முத்திரை அந்த ஆண்டுக்கு உரியதா என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். ‘எட்டு கிராம் இருக்கும்’ என்று சொல்லி 7.850 கிராம் நகையைக் கையில் கொடுத்தால், தராசில் தெரியும் எண்ணை அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் பழைய நகை இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: நகையின் பெயர், மொத்த எடை, நிகர எடை, எடை பார்த்த தேதி. அந்தச் சகோதரிகளுக்கு நானே ஒரு தாளில் அப்படி எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை இரண்டு பிரதி எடுக்கச் சொன்னார்.