"நீ சொல்லு… இல்ல, நீ சொல்லு"

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நண்பர்கள் நேரில் கூடினால் மணிக்கணக்கில் அரட்டை ஓடுகிறது, பேச்சு எங்கேயும் தட்டுவதில்லை. அதே நாலு பேர் வீடியோ காலில் வந்தால் 'நீ சொல்லு', 'இல்ல, நீ சொல்லு' என்றே பாதி நேரம் போய்விடுகிறது. இத்தனைக்கும் நெட் நன்றாகத்தான் இருக்கிறது. ஏன்?"

நெட் நன்றாகத்தான் இருக்கும். அரட்டைக்கு அது போதாது, அவ்வளவுதான். வெட்டிப் பேச்சு என்று நாம் ஒதுக்குகிற சமாசாரம் எவ்வளவு நுணுக்கமான நேரக்கணக்கில் ஓடுகிறது என்று பார்த்தால் விடை தானாக வந்துவிடும்.

ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்கும் வரை எவ்வளவு இடைவெளி? 2009-இல் ஆய்வாளர் தான்யா ஸ்டிவர்ஸும் சகாக்களும் பத்து மொழிகளில் இயல்பான உரையாடல்களை வீடியோ எடுத்து, ஆமாம்-இல்லை வகைக் கேள்விகளுக்கு வந்த பதில்களை அளந்தார்கள். சராசரி சுமார் 200 மில்லி வினாடி. அதாவது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. தமிழ் இலக்கணக் கணக்கில் கண்ணிமைக்கும் நேரமான ஒரு மாத்திரை என்று வைத்துக்கொள்ளலாம். பத்தில் ஜப்பானியர்தான் வேகம், சராசரி 7 மில்லி வினாடி. டேனிஷ்காரர்கள் நிதானம், 469. மற்றவர்கள் இடையில். தமிழ் அந்தப் பத்தில் இல்லை. ஒரு கேமராவும், நாலு வாயாடிகளும், பொறுமையும் இருந்தால் செய்யக்கூடிய வேலை இது. நம் பல்கலைக்கழகங்களில் யாராவது கொஞ்சம் பணம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

சரி, 200 மில்லி வினாடி. இப்போது இன்னொரு எண். ஒரு படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், 'பூனை' என்ற ஒற்றைச் சொல் வாயில் வர சுமார் 600 மில்லி வினாடி பிடிக்கும். பார்த்ததை அடையாளம் காண வேண்டும், சொல்லைத் தேட வேண்டும், ஒலிகளை அடுக்க வேண்டும், நாக்குக்கும் உதட்டுக்கும் கட்டளை போக வேண்டும். சின்ன வாக்கியம் என்றால் ஒன்றரை வினாடி.

ஒரு சொல்லுக்கே 600 தேவை, கையில் இருப்பதோ 200. கணக்கு இடிக்கிறதல்லவா? கேட்டு முடித்துவிட்டு யோசிக்கத் தொடங்கினால் இது நடக்கவே நடக்காது. எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைக் கட்டத் தொடங்கிவிட வேண்டும். ஒரு காதால் கேட்டபடி, உள்ளுக்குள் பேசியபடி.

இதை மூளைக்குள்ளேயே போய்ப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. 2015-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தில் சாரா போகெல்ஸும் குழுவினரும் ஆட்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி வினாடி வினா நடத்தினார்கள். தந்திரம் கேள்வியை அடுக்கிய விதத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி: "007 என்றும் அழைக்கப்படுகிற, புகழ்பெற்ற படங்களில் வருகிற கதாபாத்திரம் யார்?" இன்னொன்று: "புகழ்பெற்ற படங்களில் வருகிற, 007 என்றும் அழைக்கப்படுகிற கதாபாத்திரம் யார்?" கேள்வி ஒன்றேதான். துப்பு மட்டும் முதலாவதில் முன்னால் வந்துவிடுகிறது, இரண்டாவதில் கடைசிப் பக்கம் வருகிறது.

துப்பு காதில் விழுந்த அரை வினாடிக்குள் மூளையின் மின்னலைகளில் பதில் தயாரிப்பின் தடம் தெரிந்தது. கேள்வி முடிந்ததா இல்லையா என்று மூளை காத்திருக்கவில்லை. துப்பு முன்னால் வந்தபோது தயாரிப்பும் முன்னால் வந்தது. கேள்விக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், ஜேம்ஸ் பாண்ட் உள்ளே ரெடி. இன்னொரு மாற்றமும் தெரிந்தது: கவனம் கேட்பதிலிருந்து கொஞ்சம் விலகி, சொல்வதன் பக்கம் சாய்வது போல. நீங்கள் பேசும்போது நண்பன் முழுதாகக் கேட்கவில்லை என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருந்தால், உங்கள் சந்தேகம் நியாயம்தான். உங்களோடு ஒழுங்காகப் பேசத்தான் அவன் அப்படிச் செய்கிறான்.

பதில் தயாரானால் போதாது, எப்போது வாயைத் திறப்பது என்றும் தெரிய வேண்டும். குரல் இறங்குவதை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்றுதான் பலரும் நினைப்போம். 2006-இல் டச்சு மொழியில் சோதித்தார்கள். குரலின் ஏற்ற இறக்கத்தை அழித்துத் தட்டையாக்கியபோதும், பேச்சு எங்கே முடியும் என்று கேட்டவர்கள் சரியாகக் கணித்தார்கள். சொற்களைப் புரியாமல் ஆக்கி ஏற்ற இறக்கத்தை மட்டும் விட்டபோது தடுமாறினார்கள். ஆக, வாக்கியத்தின் முடிவை நாம் முன்கூட்டியே ஊகிக்கிறோம். இருவர் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு "அட, நமக்குள்ள ஏதோ அலைவரிசை!" என்று சிலிர்ப்பதும் இந்த ஊகத்தின் பக்க விளைவுதான். இதை டெலிபதி என்று வகுப்பெடுத்துக் காசு பார்ப்பவர்களிடம் பர்ஸைத் திறக்காதீர்கள்.

அடுத்து, தாமதத்துக்கு அர்த்தம் உண்டு. ஆங்கிலத் தொலைபேசி உரையாடல்களை ஆராய்ந்தவர்கள் கண்டது: அழைப்புக்கோ வேண்டுகோளுக்கோ பதில் சட்டென்று வந்தால் பெரும்பாலும் சம்மதம். மௌனம் 700 மில்லி வினாடியைத் தாண்டினால் மறுப்பின் கை ஓங்குகிறது. யாரும் சொல்லித்தராமலே இது நமக்குத் தெரியும். "என்ன, இழுக்கிறே?" என்று கேட்பது அதனால்தான்.

இப்போது வீடியோ காலுக்கு வருவோம். உங்கள் குரலை மைக் வாங்கி, செயலி துண்டு துண்டாக வெட்டி, சுருக்கி அனுப்புகிறது. அந்தப் பக்கம், பின்தங்கிய துண்டுகள் வந்து சேரட்டும் என்று கொஞ்சம் பிடித்துவைத்துத்தான் ஒலிக்கிறது. ஒரு வழிக்கு 250 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வி போக 250, நண்பர் வழக்கம்போல் எடுக்கும் 200, பதில் திரும்ப 250. மொத்தம் 700! அவர் இமைப்பொழுதில் சம்மதித்துவிட்டார், உங்கள் காதுக்கோ அது தயக்கம்.

சந்தேகம் இருந்ததால் நண்பனோடு பேசிய ஒரு வீடியோ காலை அவன் சம்மதத்தோடு இரு முனையிலும் தனித்தனியாகப் பதிவு செய்து பார்த்தேன். என் பதிவில்: "நாளைக்கே வச்சுக்கலாமா?" என்கிறேன். மௌனம். "இல்ல, உனக்கு வேலை இருந்தா…" என்று நான் இறங்கி வரும்போது அவன் குரல் குறுக்கே விழுகிறது. இருவரும் நிறுத்துகிறோம், "நீ சொல்லு". அவன் பதிவில்: என் கேள்வி முடிந்த கையோடு "வச்சுக்கலாமே" என்கிறான், அதன் நடுவில் நான் முந்திரிக்கொட்டை மாதிரி நுழைகிறேன். இரண்டு பதிவுமே நிஜம். இரண்டிலும் தப்பு எதிராளி மேல்.

இந்த மோதலின் விதி 1974-லேயே எழுதப்பட்டுவிட்டது. உரையாடல் ஆய்வாளர்களான ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் சொன்னது: பேசுபவர் அடுத்தவரைக் கைகாட்டினால் அவருக்கு முறை, காட்டாவிட்டால் முந்தித் தொடங்குபவருக்கு, யாரும் தொடங்காவிட்டால் பேசியவரே தொடரலாம். தாமதமான இணைப்பில், யாரும் தொடங்கவில்லை என்று நான் தொடர்கிறேன். அங்கே ஒருவர் ஏற்கெனவே தொடங்கி, அவர் குரல் வழியில் வந்துகொண்டிருக்கிறது. நாலு பேர் என்றால் ஒரே மௌனத்தில் மூன்று பேர் குதிக்கலாம். நிறுத்துவதும் ஒன்றாக, மறுபடி தொடங்குவதும் ஒன்றாக.

ம் கொட்டுவதையும் சொல்லியாக வேண்டும். 2000-இல் ஒரு சோதனை: ஒருவர் தனக்கு நேர்ந்த ஆபத்தான அனுபவத்தைச் சொல்ல, கேட்பவர்களில் சிலருக்கு 't' எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ணும் ரகசிய வேலை. எண்ணியவர்கள் சரியான இடத்தில் "ம்", "ஐயோ" போடவில்லை. விளைவு, சொன்னவர் கதையையே சொதப்பினார், முக்கியமாக முடிவை. வீடியோ காலில் "ம்" அரை வினாடி பிந்தி அடுத்த வாக்கியத்தின் மேல் விழுகிறது. எல்லோரும் மியூட்டில் இருந்தால் அதுவும் கிடையாது.

தாமதத்தை முழுதாக ஒழிக்க உங்களால் முடியாது. ஆனால் பெயர் சொல்லிக் கேட்டால் முதல் விதியே வேலை செய்துவிடும், யார் முந்துவது என்ற போட்டி வராது. கதை சொல்கிறவனுக்காக, கேட்கிறவர்கள் மியூட்டை எடுத்துவிட்டு தலையை நன்றாக ஆட்டுங்கள். ஆனால் அவன் சிரிப்பு வெடியைப் போட்டுவிட்டு மௌனத்தைப் பார்த்து மிரண்டு "அதாவது என்னன்னா…" என்று விளக்க ஆரம்பித்தால், அதைத் தடுக்க வழியில்லை. உங்கள் சிரிப்பு இன்னும் வழியில்தான் இருக்கும்.