நோகேல்லை என்று சொன்ன கால்

லண்டனில் ஒரு நீரிழிவுப் பாதச் சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். போன கோடையில், வன்னியில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் காசு சேர்க்க எங்கள் ஆட்கள் சிலர் தென் இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் வே என்ற நெடுநடைப் பாதை முழுவதையும் நடந்தார்கள். வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர், எட்டு நாள். ஐந்தாம் நாள் முதலுதவிப் பையோடு நானும் சேர்ந்துகொண்டேன்.

அன்றைய நடை ஆம்பர்லி கிராமத்திலிருந்து அடூர் ஆற்றங்கரை வரை, ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தொடக்கமே செங்குத்தான ஏற்றம். மேலே போனபின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாதை. அதில் கத்தி முனை போல உடைந்த தீக்கற்கள். இரு பக்கமும் ஆடுகள் மேயும் புல்வெளி. காலைப் பனியில் நனைந்த புல் ஒரு மணி நேரத்துக்குள் சப்பாத்தையும் காலுறையையும் ஊறவைத்துவிடும். பாதத்துக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் போதும், கொப்புளம் வரும். தோலுக்கு மேலே நடக்கும் உரசலை விட, உள்ளே தோல் அடுக்குகள் ஒன்றோடொன்று இழுபடுவதுதான் அதற்குக் காரணம். அடுக்குகள் பிரிந்த இடத்தில் நீர் கோக்கிறது.

சாங்க்டன்பரி ரிங் மேட்டில் பீச் மரங்களுக்கடியில் மதியச் சாப்பாடு. 1987 ஒக்டோபர் புயலில் அங்கே பெரும்பாலான மரங்கள் சாய்ந்தன. பிறகு நட்டவைதான் இப்போது நிழல் தருகின்றன. இரண்டு பிள்ளைகள் "அக்கா, குதிக்கால் எரியுது" என்று ஓடிவந்தார்கள். ஈரத்தைத் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டி, உலர்ந்த கம்பளிக் காலுறை போடவைத்தேன். பத்து நிமிட வேலை.

பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய அண்ணை ஒருவர் இருந்தார். பதினைந்து வருடமாக நீரிழிவு. காலைக் காட்டச் சொன்னேன்.

"எனக்கு ஒண்டும் நோகேல்லை, தங்கச்சி. நீங்கள் பிள்ளையளைப் பாருங்கோ."

நான் வற்புறுத்தவில்லை. அது இன்றுவரை மனதை உறுத்துகிறது.

அடூர் ஆற்றங்கரையில் நடப்போருக்கென ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. அங்கே கால் கழுவ அவர் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக ஊறியிருந்தது. உரித்துப் பார்த்தால், பெருவிரலுக்குக் கீழே பாதத்தின் மேடான இடத்தில் கொப்புளம் உடைந்து, தோல் சுருண்டு, சிவந்த சதை தெரிந்தது. சப்பாத்தைத் தட்டினேன்; பயறளவு தீக்கல் துண்டு ஒன்று விழுந்தது. எத்தனை கிலோமீட்டர் அதை மிதித்து நடந்தாரோ! அவர் ஒரு தடவைகூட நொண்டவில்லை.

நீண்டகால நீரிழிவு பாத நரம்புகளின் உணர்வை மெல்ல மெல்ல மழுங்கடிக்கும். கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது இதை அறியத்தான். தொட்டது தெரியாத காலுக்குக் கல்லும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அந்தச் சின்னக் காயம் ஆறாது. கிருமி எலும்பு வரை இறங்கலாம். விரலை எடுக்கவேண்டி வந்தவர்களில் பலருக்குத் தொடக்கம் இப்படியொரு கொப்புளம்தான்.

நீரிழிவு உள்ளவர்கள் நடக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக நடங்கள். ஆனால் பெயர் கொடுக்குமுன் பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புதுச் சப்பாத்தோடு மலை ஏறாதீர்கள். ஒவ்வொரு முறை கால் போடும்போதும் சப்பாத்துக்குள் கைவிட்டுத் தடவுங்கள். இரண்டு மணிக்கொருதரம் உட்கார்ந்து, நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள்; குனிய முடியாவிட்டால் சின்னக் கண்ணாடி போதும். கொப்புளத்தை நீங்களே ஊசியால் குத்தாதீர்கள். இன்சுலினோ கிளிக்ளசைட் என்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நீண்ட நடையில் சீனி இறங்கும், அன்றிரவு தூக்கத்திலும் இறங்கலாம். குளுக்கோஸ் வில்லை பையில் இருக்கட்டும்.

காயத்தைக் கழுவிக் கட்டிய பிறகும் அண்ணை எழும்பி நடக்கத்தான் பார்த்தார். "சனம் காசு தந்திருக்குது, தங்கச்சி. பாதியில விட்டா என்ன சொல்லுவினம்?" நிதி நடைகளில் இந்தக் கூச்சத்தை நிறையக் கண்டிருக்கிறேன். காசு தந்தவர்கள் முதியோருக்காகத் தந்தார்கள். ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றே காரில் அனுப்பிவைத்தோம். பாரம் படாத சப்பாத்தோடு காயம் ஆற ஏழு வாரம் எடுத்தது. முதல் தடவை கட்டு மாற்ற வந்தபோது, அந்தக் கல்லை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். காத்திருந்தவர்களிடம் அதைத் திறந்து காட்டி, தன் சப்பாத்தையும் கழற்றி, எங்கே கிடந்தது என்று விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.