ஏ.எஸ்.டி. ஓட்டையை அடைக்கும் முன் எந்த எக்கோ?

"நெஞ்சுல வச்சு எக்கோ எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எதுக்குத் தொண்டைக்குள்ள குழாய்?" இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஓட்டை (ஏ.எஸ்.டி.) உள்ள பெரியவர்கள் பலர் கேட்பது இது. நியாயமான கேள்விதான்.

ஓட்டை இருக்கிறதா என்று சொல்ல நெஞ்சு எக்கோ போதும். டிவைஸ் (ஓட்டையை அடைக்கும் சிறு கருவி) வைத்து மூடலாமா என்று சொல்ல, ஓட்டையைச் சுற்றியுள்ள சதை விளிம்புகளை அளக்க வேண்டும். டிவைஸின் இரு தட்டுகளும் அந்த விளிம்பைப் பிடித்துத்தான் நிற்கின்றன. பொதுவாக 5 மி.மீ. விளிம்பு எதிர்பார்ப்போம். பெருந்தமனிப் பக்கம் அது குறைவாக இருப்பது சகஜம், பெரும்பாலும் சமாளிக்கலாம். உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரைப் பக்கம் விளிம்பே இல்லையென்றால் டிவைஸ் கழன்று ஓடிவிடும். சிறு குழந்தைகளுக்கு வயிற்றின் மேற்பகுதியில் வைத்துப் பார்த்தாலே அந்த விளிம்பு தெரியும். பெரியவர்களுக்கு, அதிலும் உடல் பருத்தவர்களுக்கு, தெளிவாகத் தெரியாது.

அதனால்தான் டி.இ.இ. எனப்படும் தொண்டை வழி எக்கோ. கீழ் விளிம்பைப் பார்க்க படம் எடுக்கும் கோணத்தை 90 முதல் 110 டிகிரிக்குத் திருப்பி, குழாயைச் சற்று உள்ளே தள்ள வேண்டும், அவசரப்பட்டால் தவறிவிடும். "விளிம்புகள் போதுமானவை" என்று ஒற்றை வரியில் முடியும் ரிப்போர்ட்டை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு விளிம்பும் மி.மீ. கணக்கில் வேண்டும். நான்கு நுரையீரல் சிரைகளும் இடது மேலறையில்தான் சேர்கின்றனவா என்பதும் வேண்டும். சந்தேகம் இருந்தால் சி.டி.

ஐ.சி.இ. என்பது தொடைச் சிரை வழியாக இதயத்துக்குள் செல்லும் 8 அல்லது 10 ஃபிரெஞ்ச் (குழாயின் தடிமனைச் சொல்லும் அளவு) எக்கோ குழாய். முழு மயக்கம் தேவையில்லை. கீழ் விளிம்பும் நன்றாகத் தெரியும். ஆனால் விலை அதிகம். தவிர, நோயாளி கேத் லேப் (குழாய் வழிச் சிகிச்சை செய்யும் அறை) மேசைக்கு வந்த பிறகுதான் படம் கிடைக்கும்.

டிவைஸின் அளவைத் தேர்ந்தெடுக்க பலூனை ஊதி ஓட்டையை அளக்கும்போதும் எக்கோதான் கண். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில், ஓட்டை வழியான ஓட்டம் நின்றதும் ஊதுவதை நிறுத்த வேண்டும். மேலும் ஊதினால் ஓட்டை விரியும், தேவைக்கு மேல் பெரிய டிவைஸ் தேர்வாகும். அது பின்னாளில் பெருந்தமனிச் சுவரை அரிக்கக்கூடும்.

டி.இ.இ.க்கு முன் 6 மணி நேரம் சாப்பாடு கூடாது. தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை. விழுங்குவதில் சிரமம், கல்லீரல் சுருக்கம், உணவுக்குழாயில் முன்பு செய்த ஆபரேஷன், ஆடும் பல் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இவற்றில் சிலருக்கு ஐ.சி.இ.யே பாதுகாப்பு. தொண்டை மரத்திருக்கும்வரை ஒரு வாய் காபிகூட வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.