ஐந்தாம் வகுப்புக்கு இரண்டாம் வகுப்புக் கணக்கா?

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 23 பிள்ளைகள். அதில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேர் என் அறையில். ஒரே கணக்கைக் கரும்பலகையில் போட்டால், நான்கு பேர் சட்டென்று முடித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். ஐந்தாறு பேர் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். அதனால் அவரவர் நிலைக்கு ஏற்ற கணக்கைத்தான் கொடுக்கிறேன்.

இது புதிது இல்லை. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் வளர்ந்த முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது; அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் அவரவர் வேகத்தில் படிக்கும் முறை அது. எதற்கு அடுத்து எது என்று காட்டும் ஏணிப்படி, சின்னம் போட்ட அட்டைகள் எல்லாம் அப்படி வந்தவைதான். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே கற்பிக்கிறோம்.

ஆனால் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை தானே படித்துக்கொள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கழித்தலில் ஒரு பக்கம் முழுக்கத் தப்பு. 52-ல் 27 போனால் 35, 81-ல் 46 போனால் 45, 60-ல் 23 போனால் 43. கவனக்குறைவு என்று சுழித்துவிட்டு, அதே மாதிரி இன்னொரு பக்கம் கொடுத்தேன். அதுவும் தப்பு. அப்புறம்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே, சொல்லும்மா" என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாது டீச்சர், அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன்" என்றாள். மூன்று கணக்கையும் இந்த ஒரே விதிப்படிதான் போட்டிருந்தாள். பெரியதில் இருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறோம். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் எடுத்துக் கொடுத்து, 27 குச்சி கேட்டேன். இரண்டு கட்டைத் தந்தாள். இன்னும் ஏழு வேண்டும், கையில் உதிரி இரண்டுதான். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு கட்டின் ரப்பரை உருவினாள். "கடன் வாங்குறது இதுதானா டீச்சர்?"

மூன்று நாள் குச்சியோடு போட்டாள். நான்காம் நாள் குச்சியைத் தள்ளி வைத்துவிட்டு நோட்டிலேயே போட்டாள். அந்த மூன்று நாளும் வேகமாகப் போகிற பிள்ளைகள் தங்கள் அட்டையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் தனியாகப் போக முடிவதால் மிச்சமாகிற என் நேரம், திணறுகிற பிள்ளைக்குப் போக வேண்டும்.

அதற்குள் அவள் அம்மா வந்துவிட்டார். "அஞ்சாவது படிக்கிற புள்ளைக்கு ரெண்டாவது கணக்கா டீச்சர்?" நியாயமான கவலைதான். அவள் அப்பா பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுத் திட்டினாராம். நான் எதுவும் விளக்கவில்லை. "நீயே அம்மாவுக்குக் காட்டு" என்று குச்சிகளைப் பிள்ளையிடம் கொடுத்தேன்.

அம்மாவைக் கீழே உட்காரவைத்து, முதலில் ஆறு கட்டை எண்ணி வைத்தாள். "இதுல இருபத்து மூணு எனக்குக் குடும்மா, பாப்போம்."