புளி போட்டுத் தேய்த்த காசும் மதுரை சுல்தான்களின் வரிசையும்

பழங்காசுகளைப் படித்து இன்னார் காலத்தது என்று சொல்லும் வேலையில் இருப்பதால், பளபளவென்று துலக்கிய செப்புக் காசைக் கையில் வைத்து "இது எந்த ராஜா?" என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அரபு எழுத்துள்ள சிறு காசானால், பெரும்பாலும் களிம்போடு அரசர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் (கி.பி. 622இல் தொடங்கும் இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு) தேய்ந்து போயிருக்கும்.

மதுரை சுல்தான்கள் விஷயத்தில் இது பேரிழப்பு. முதல் ஐவரைப் பற்றியாவது மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா எழுதிவைத்தார். தில்லி சுல்தானுக்குக் கீழே மதுரையில் ஆளுநராயிருந்து 1335 வாக்கில் தனியரசு கண்ட ஜலாலுதீன் அஹ்சன் ஷா, ஏழை எளியோரின் தந்தை என்று காசில் பொறித்துக்கொண்டவர், சில ஆண்டுகளிலேயே கொல்லப்பட்டார். அவருடைய பிரபுக்களில் ஒருவரான உதௌஜி அரியணை ஏறி, போர்க்களத்தில் தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றியபோது அம்பு பட்டு இறந்தார். அவருக்குப் பின் வந்த அவருடைய மாப்பிள்ளை குத்புதீன் 40 நாளில் கொலையுண்டார். அடுத்தவரான கியாசுதீன் தமகானி, அஹ்சன் ஷாவின் மகளை மணந்தவர். இன்னொரு மகளை இப்னு பதூதா மணந்திருந்ததால், அவர் குறிப்பில் சகலை வீட்டுச் செய்தியும் கலந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. தமகானிக்குப் பின் அவருடைய சகோதரன் மகன் நாசிருதீன் வந்து, தமகானியின் மாப்பிள்ளையைக் கொன்று அந்தப் பெண்ணைத் தாமே மணந்துகொண்டார். ஐவரில் ஒருவர்கூடத் தந்தைக்குப் பின் வந்த மகன் அல்லர். உரிமை பெரும்பாலும் பெண் கொண்ட வழியிலேயே தேடப்பட்டது.

அதற்குப் பிறகு நமக்குப் பெரிதும் துணை காசுகளே. நாசிருதீனின் ஹிஜ்ரி 745 (1344-45) காசுக்கும் ஆதில் ஷாவின் 757 (1356) காசுக்கும் இடையே உள்ள ஆண்டுகள் ஆட்சி வரிசையில் வெற்றிடமாக நிற்கின்றன. 1371 வாக்கில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரையைக் கைப்பற்றினார் என்று படிக்கிறோம். ஆனால் அலாவுதீன் சிக்கந்தர் ஷாவின் காசு 779 (1377-78) வரை செல்கிறது. ஒரே ஓர் இலக்கம் தேய்ந்தாலும் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாள்தான் என்பதால், 622ஐக் கூட்டிச் சொல்லும் கணக்கும் தவறு. அப்படிப் பார்த்தால் 745 என்பது 1367 ஆகி, வேறொருவர் ஆட்சிக்குள் போய் விழும்.

ஆகவே காசு கிடைத்தால் புளி, எலுமிச்சை, கம்பி நார் எதுவும் வேண்டாம். ஈரம் படாமல் காகிதத்தில் பொதிந்து வைத்தால் போதும். மண்ணிலிருந்து புதையலாக எடுத்ததென்றால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்துவிட்டு, எடுத்த இடத்தையும் உடன் கிடைத்த பொருள்களையும் எழுதி வையுங்கள்.