ஒன்பதாம் நாளை மறக்காதீர்கள்: குழந்தைகளின் தலையில் பேன்

காய்ச்சல் என்றால் வாசலிலேயே சத்தமாகச் சொல்வார்கள். பேன் என்றால் கதவு சாத்தும்வரை காத்திருப்பார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்து நான்கைந்து வாரம் போனதும் என் கிளினிக்கில் இது வழக்கம். அன்றும் அப்படித்தான். சளிக்கு மருந்து எழுதி முடித்த பிறகு அந்த அம்மா குரலை இறக்கி, "மேடம், இன்னொண்ணு... பாப்பா தலையில..." என்றார். பாப்பாவுக்கு நான்கு வயது. காதுக்குப் பின்னால் சொறிந்து சொறிந்து தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது.

இப்படி வருகிற எல்லா அம்மாக்களிடமும் நான் முதலில் சொல்வது, இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்பதுதான். தவறாமல் தலைக்கு ஊற்றுகிற வீட்டிலும் பேன் வரும். அதற்கு வேண்டியது இரத்தமும் தலைச்சூடும். சிறகு கிடையாது, தாவவும் தெரியாது. முடியைப் பற்றிக்கொண்டு ஊர்ந்துதான் போகும். அங்கன்வாடியில் மதியம் ஒரே பாயில் படுக்கிறார்கள், ஒரே செல்போனை மூன்று பேர் தலையை ஒட்டிவைத்துப் பார்க்கிறார்கள். அந்த நேரம் போதும். சீப்பு, ரிப்பன், துண்டு வழியாகவும் வரலாம், ஆனால் அது குறைவு.

முதல் முறை பேன் பிடித்த குழந்தைக்கு உடனே அரிக்காது. பேனின் எச்சில் தோலுக்கு ஒவ்வாமல் போய்த்தான் அரிப்பு வருகிறது. அதற்கு 4 முதல் 6 வாரம்கூட ஆகும். "நேத்துதான் சொறிய ஆரம்பிச்சா" என்றால், பேன் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈரா பொடுகா என்ற சந்தேகம் வந்தால் விரலால் தட்டிப் பாருங்கள். பொடுகு உதிர்ந்துவிடும். ஈர் அசையாது. முடியின் ஒரு பக்கத்தில் பசை வைத்து ஒட்டியதுபோல இருக்கும், இரண்டு நகத்துக்கு நடுவில் பிடித்து உருவினால்தான் வரும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முதலில் தேடுங்கள். வேரை ஒட்டி அரை சென்டிமீட்டருக்குள் பழுப்பாக இருந்தால் உள்ளே உயிர் இருக்கலாம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அதனால் வேரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடுதான். அந்தக் கூட்டைப் பார்த்துப் பயந்து திரும்பத் திரும்ப மருந்து போடுகிறவர்கள் நிறைய. ஊர்கிற பேன் ஒன்றாவது கண்ணில் படட்டும், அப்புறம் மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

தலைப்பேன் வேறு நோய் எதையும் பரப்புவதாகத் தெரியவில்லை. தூக்கம் கெடும், சொறிந்த புண்ணில் சீழ் வைக்கும், அவ்வளவுதான். அதை ஒழிக்க வீட்டில் தடவுகிற பொருள்கள்தான் எனக்குப் பெரிய பயம். இரண்டு வயதுப் பையன் ஒருவனை ஒரு நாள் காலையில் வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் இல்லை, முன்னால் வலிப்பு வந்ததும் இல்லை. மூச்சைக் கவனிக்கக் குனிந்தபோது அவன் தலையிலிருந்து கற்பூர வாசனை அடித்தது. பேனுக்காகக் கற்பூரத்தைப் பொடித்து, சூடான தேங்காய் எண்ணெயில் கரைத்து, பாட்டி தேய்த்திருக்கிறார். கற்பூரம் தோல் வழியாகவே இரத்தத்தில் சேர்ந்துவிடும். சின்னக் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். வாய்க்குள் போனால் கொஞ்சமே ஆபத்து. அவன் பிழைத்துக்கொண்டான். அந்தப் பாட்டி கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகாத தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவதும் நம் பக்கம் உண்டு. கழுவும்போது அது கண்ணில் வழிந்தால் கருவிழி புண்ணாகிவிடும், கண்ணைத் திறக்கவே முடியாது. அப்படி ஆகிவிட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், அடுப்புப் பக்கம் போனால் தீப்பிடிக்கும். எறும்புப் பொடி, கரப்பான் மருந்து, வயலுக்கு அடிக்கிற மருந்து எதையும் குழந்தை தலைக்குக் கொண்டுபோகவே கூடாது. சொறிந்து புண்ணான தோல் விஷத்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். பழைய சீட்டை வைத்துக்கொண்டு காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு லோஷனை வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் குழந்தைகளுக்கு வேண்டாம், வலிப்பு வரலாம்.

சரி, எதைத்தான் போடுவது? நான் எழுதுவது பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் போடலாம். கடையில் 5 சதவீத க்ரீமைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது சிரங்குக்கானது. நம் பிள்ளைகள் தலையில் எப்போதும் எண்ணெய் இருக்கும். அதன் மேல் போட்டால் மருந்து பிடிக்காது. சாதாரண ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனர் இல்லாமல், துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, வேர்க்கால்வரை நனைகிற மாதிரி தடவுங்கள். குழந்தையின் கண்ணைத் துண்டால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். கடிகாரம் பார்த்து 10 நிமிடம். பிறகு தலையை மட்டும் குனியவைத்து வெதுவெதுப்பான நீரில் அலசினால் மருந்து உடம்பில் வழியாது. ஓரிரு நாள் ஷாம்பு வேண்டாம்.

இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். தவறுவது இதற்கு அப்புறம்தான். இந்த மருந்து பேனைக் கொல்லும். ஈர் எல்லாவற்றையும் கொல்லாது. பிழைத்த ஈர் 7 முதல் 9 நாளில் பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து ஈர் வைக்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இந்த இடைவெளியில் இரண்டாம் முறை போட்டால் சங்கிலி அறுந்துவிடும். ஒன்பதாம் நாள் அதற்குத் தோதான நாள்: ஞாயிறு போட்டால், அந்த ஞாயிறை விட்டுவிட்டு எண்ணினால், அடுத்த வாரம் செவ்வாய். அதற்குள் அரிப்பு அடங்கியிருக்கும், பாட்டில் அலமாரிக்குப் போயிருக்கும், நாளும் மறந்திருக்கும். வளர்ந்த பெண் பேன் ஒரு நாளைக்குச் சுமார் 8 ஈர்வரை வைக்கும். மூன்று வாரம் கழித்து "மருந்து வேலை செய்யல மேடம்" என்று வருவார்கள். பழகிப்போன பேன்களிடம் இந்த மருந்து எடுபடாமல் போவதும் உண்டு. இரண்டு முறையும் சரியாகப் போட்டும் பேன் ஊர்ந்தால் வாருங்கள், வேறு மருந்து இருக்கிறது.

மருந்தோடு பேன் சீப்பும் வேண்டும். சாதாரணத் தேங்காய் எண்ணெய் பேனைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது, ஆனால் அது ஓடுகிற வேகத்தைக் குறைக்கும், சீப்பும் வழுக்கிக்கொண்டு போகும். முடியைச் சின்னச் சின்னப் பாகமாகப் பிரித்து வேரிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு முறையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று வாரம். இஸ்ரேலில் லாகிஷ் என்ற பழைய நகரம் இருந்த இடத்தில் சுமார் 3,700 ஆண்டு பழைய யானைத் தந்தச் சீப்பு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் சிக்கெடுக்க 6 பல், மறுபக்கம் பேனெடுக்க 14 நெருக்கப் பல். தலையிலும் தாடியிலும் இருக்கிற பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல் அதில் கீறப்பட்டிருப்பதை 2022இல் படித்துச் சொன்னார்கள். நம் வீட்டு இரட்டைப்பக்கச் சீப்பும் அதே அமைப்புதான்.

தலையணை, உறை, ரிப்பனைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் போட்டால் போதும். தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் செத்துவிடும், வீடு முழுக்க மருந்தடிக்க வேண்டியதில்லை. மொட்டையும் வேண்டாம். பேனுக்காக மொட்டையடித்த ஒரு பெண்குழந்தை, வகுப்பில் கேலி செய்வார்கள் என்று ஒரு மாதம் துப்பட்டாவைக் கழற்றவில்லை. ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பேன் இருக்கிறது என்று குழந்தையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். அம்மாவிடம் தனியாகச் சொன்னால் போதும்.

அந்த நான்கு வயதுப் பாப்பா ஆகஸ்டில் மூன்றாம் முறையாக வந்தாள். மருந்து இரண்டு முறையும் நாள் தவறாமல் போட்டிருந்தார்கள். சீப்பும் போட்டார்கள். அம்மா, அப்பா, அண்ணன் தலையையும் பார்த்தாகிவிட்டது. "ராத்திரி யார்கூடப் படுப்பா?" என்று கேட்டேன்.

"அவங்க அப்பத்தாகூடத்தான் மேடம்."

மறுநாள் அப்பத்தா வந்தார். "எனக்கு அரிப்பே இல்லையே தாயி" என்றார். சிலருக்கு அரிக்காது. நரைத்த முடியில் ஈரும் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் தொட்டுப் பிடரியில் நான்கு வாரல் வாரி வெள்ளைத் துணியில் துடைத்தேன். எள் அளவில் மூன்று பேன்கள், மெல்ல ஊர்ந்தன. அப்பத்தா அதைப் பார்த்தார். மடியில் சாய்ந்திருந்த பேத்தியை மெதுவாகத் தள்ளி உட்காரவைத்தார்.

"தள்ள வேண்டாம் அப்பத்தா. ரெண்டு பேருக்கும் இன்னைக்கே ஒண்ணாப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அன்று செவ்வாய். சீட்டின் மேல் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தேன்: அடுத்த வாரம் வியாழன், இருவருக்கும்.