பால்வாடி: பாலும் வாடியும் வந்த வழி

தமிழ்நாட்டில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பால்வாடி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மதிய உணவும் ஒரு தூக்கமும் முடிந்தபின் அழைத்து வரும் இடம் அது. அங்கே ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் இருப்பார்கள். சத்துமாவு உருண்டை கிடைக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால், பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த இடமாதலால் பால்வாடி என்று பெயர் வந்தது என்பவர்களே மிகுதி. வெளிநாட்டு உதவியாக வந்த பால் பவுடரைக் கரைத்துக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது உண்மைதான். என்றாலும் பெயர் அதனால் வந்ததன்று.

சொல்லின் முற்பகுதி, குழந்தை என்னும் பொருளுடைய ‘பால’ என்ற வடசொல். பாலகன், பாலர் என்று தமிழில் முன்பே வழங்கும் சொற்களின் வேர்தான் இதுவும். தமிழ் எழுத்தில் பகரம் ஒன்றே என்பதால் குழந்தையும் பாலும் எழுத்தளவில் ஒன்றாகிவிட்டன. மக்கள் வாயிலோ இன்றும் பாலகனுக்குரிய மெல்லொலியே ஒலிக்கிறது. பிற்பகுதியாகிய ‘வாடி’ மராத்தியிலும் குஜராத்தியிலும் தோட்டத்தையும் தோப்பையும் குறிக்கும். மராத்தியில் சிற்றூருக்கும் அப்பெயர் உண்டு. அச்சொல்லுக்கு உறவான வாடி தமிழிலும் இருக்கிறது. மரம் அறுத்து அடுக்கி வைத்திருக்கும் இடம் மரவாடி. இராமநாதபுரக் கரையிலும் இலங்கைக் கரையிலும் மீனவர்கள் பருவ காலத்தில் கொட்டகை போட்டுத் தங்கிக் கருவாடு காயவைக்கும் இடமும் வாடியே. அடைத்து வளைத்த வெளி என்ற அடிப்படைப் பொருள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க, தோட்டம் என்ற பொருள் மட்டும் நம்மிடம் பின்னுக்குப் போய்விட்டது. ஆக, பால்வாடி என்பதன் நேர்ப்பொருள் குழந்தைத் தோட்டம்.

இந்தத் தோட்டம் ஜெர்மனியிலிருந்து வந்தது. துரிங்கியா வட்டாரத்தில் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் 1837-ஆம் ஆண்டில் சிறு பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கிய ஃபிரீட்ரிக் ஃபுரோபெல், 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். குழந்தையைச் செடியாகவும் ஆசிரியரைத் தோட்டக்காரராகவும் கண்ட பெயர் அது என்பதைக் கல்வியியல் நூல்கள் எல்லாம் சொல்லும். அவை அவ்வளவாகச் சொல்லாத செய்தி பணம் பற்றியது. அந்தத் தோட்டத்துக்கான மூலதனத்தை ஃபுரோபெல் மன்னரிடமோ மாநகராட்சியிடமோ கேட்கவில்லை. ஜெர்மானியப் பெண்களை நோக்கி வேண்டுகோள் விடுத்து, பங்கு ஒன்று பத்துத் தாலர் (அக்கால ஜெர்மானிய வெள்ளி நாணயம்) என்று விற்க முனைந்தார். எதிர்பார்த்த அளவு பங்குகள் விலை போகவில்லை. 1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடையும் செய்தது; 1860-இல்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கருத்து கடல் கடந்து பிழைத்ததற்கு, அதை எடுத்துச் சென்ற பெண்களும் அவர்களுக்குக் கைகொடுத்த ஊர்ச் சங்கங்களுமே காரணம்.

இந்தியாவில் இதைத் தம்முடையதாக்கிக் கொண்டவர்கள் குஜராத்தியரும் மராத்தியரும். வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேகா, பாவ்நகரில் நானாபாய் பட் நிறுவிய தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்து, 1920-இல் பால மந்திர் என்ற பெயரில் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். மந்திர் என்றால் கோயில்; அதாவது அப்போது இன்னும் தோட்டம் வரவில்லை. அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் 1945-இல் அன்றைய தாணே மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரான போர்டிக்கு வந்து கிராமத்துப் பிள்ளைகளுக்கான பணியைத் தொடங்கியபின், பால்வாடி என்ற சொல் ஊர்களுக்குள் வேரூன்றியது. அவருக்கு வலக்கையாக விளங்கியவர் அனுதாய் வாக். இருவரும், பிள்ளைகள் கருவிகளைக் கையாண்டு தாமே கற்கும் மான்டிசோரி முறையை மதித்தவர்கள். ஆனால் மான்டிசோரியின் மரக்கட்டைகளையும் உருளைகளையும் வாங்கும் வசதி எந்தக் கிராமத்துக்கும் இல்லை என்பதை அறிந்தவர்கள். கடற்கரைச் சிப்பிகள், விதைகள், கூழாங்கற்கள், இலைகள் என்று ஊரில் காசின்றிக் கிடைப்பவற்றைக் கொண்டே எண்ணவும் தரம் பிரிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

அப்படியும் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. பிள்ளை பள்ளிக்கு வர இயலாவிட்டால் பள்ளிதான் பிள்ளையிடம் போக வேண்டும் என்று முடிவு செய்து, அந்தக் குடியிருப்புகளிலேயே ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் பாட்டும் கதையும் நடத்தினார்கள். முற்றம் மராத்தியில் ‘ஆங்கண்’. முற்றத்தில் நடந்த பால்வாடி அங்கன்வாடி ஆயிற்று. 1957-இல் பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறி வார்லி பழங்குடிப் பிள்ளைகளிடையே தொடர்ந்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் நடுவணரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் நிலையங்களுக்கு அங்கன்வாடி என்ற பெயரையே வைத்தது.

இந்த ‘அங்கன்’ தமிழுக்குப் புதியதன்று. ‘அங்கணத்துள் உக்க அமிழ்து’ என்று அவையறிதல் அதிகாரத்தில் வரும் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், அங்கணம் என்பதற்குத் தூய்மையற்ற முற்றம் என்றே பொருள் கொண்டார். பின்னாளில் அச்சொல் வீட்டின் பின்புறத்தில் பாத்திரம் துலக்கும் இடமாகச் சுருங்கி, தென்மாவட்டங்களில் அங்கணக்குழி என்று சாக்கடைப் பக்கமாக ஒதுங்கிவிட்டது. அங்கன்வாடி என்பதை அங்கணவாடி என்று தமிழ்ப்படுத்தலாமே என்று யாரும் துணியாததற்கு இந்தச் சறுக்கல் ஒரு காரணமாக இருக்கலாம்.

முற்றம் யாருடையது என்ற கேள்வியை இங்கே கேட்டாக வேண்டும். அது அரசின் முற்றமன்று. யாரோ ஒருவர் தம் வீட்டு வாசலைக் காலையில் சில மணி நேரம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தார். சொல்லுக்குள்ளேயே ஒரு கொடை இருக்கிறது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பால்வாடிகள் பெருகியதும் பெரும்பாலும் இவ்வகைக் கொடைகளால்தான். கஸ்தூரிபா மறைந்த 1944-ஆம் ஆண்டில், அவர் நினைவாகக் கிராமத்துப் பெண்கள், குழந்தைகளின் நலனுக்கென்று பொதுமக்களிடம் 75 இலட்சம் ரூபாய் இலக்கு வைத்து நிதி திரட்டப்பட்டது. அந்த அறக்கட்டளைக்குத் தமிழகத்தில் பொறுப்பேற்றவர், 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம். 1953-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியம், பால்வாடிகளைத் தானே நடத்தாமல், அவற்றை நடத்திய மாதர் சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மானியம் கொடுத்தது.

ஊர் கூடிக் கல்விக்குக் கொடுக்கும் இந்தப் பழக்கத்துக்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று தமக்குள் வைத்துக்கொண்ட மகமை ஒன்று. உலையில் இடும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்து வைக்கும் பிடியரிசி இன்னொன்று. விருதுநகரில் காமராசர் சிறுவனாகப் படித்த சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியால் வளர்ந்த பள்ளி. அவர் முதலமைச்சரானபின் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு ஊர்மக்களின் நன்கொடையோடு தொடங்கியதும், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் கடிகாரமும் நிலமும் குவிந்ததும் இதே வழியில்தான். இன்று வழங்கும் சொல் உபயம். எந்தப் பால்வாடியிலும் அண்ணாந்து பார்த்தால், மின்விசிறியின் மூன்று இறகுகளிலும் சிவப்புப் பெயின்ட்டில் அந்தச் சொல்லும் ஒரு பெயரும் எழுதியிருக்கும். விசிறி நின்றால்தான் கொடுத்தவர் யாரென்று தெரியும்.

ஆங்கிலத்திலிருந்து வந்து இப்போது அறக்கட்டளை அறிக்கைகளில் புழங்கும் ‘கம்யூனிட்டி பிலாந்த்ரபி’ என்ற தொடரைச் சமூகக் கொடை என்றும் சமுதாய வள்ளன்மை என்றும் பெயர்க்கிறார்கள். எனக்கு இரண்டும் உவப்பில்லை. வள்ளன்மையில் ஒருவர் உயரத்தில் நிற்கிறார். வள்ளுவர் ஈகையை ஓர் அதிகாரமாகவும் ஒப்புரவறிதலை அதற்கு முந்தைய அதிகாரமாகவும் பிரித்து வைத்தார். வறியவருக்குத் திரும்ப எதிர்பாராமல் கொடுப்பது ஈகை. ஊருணியில் நீர் நிறைந்ததுபோல் தன்னிடம் உள்ளது ஊருக்குப் பொதுவாகப் பயன்படுவது ஒப்புரவு. தன் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரும் பள்ளிக்கு ஒருவர் கொடுப்பதை ஈகை என்பது பொருந்தாது. அதை ஒப்புரவு என்று எழுதுவதே சரி; சொல் பழகாதது என்று தோன்றினால் ஊர்க்கொடை என்று எழுதலாம்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் ஊர்ப்புறங்களில் தொடங்கியபோது, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே உணவு வழங்கப்பட்டது. குழந்தைகள் நல மையம், பிறகு குழந்தைகள் மையம் என்று பலகைகள் மாறின. பிள்ளைக்குக் கிடைப்பது யாருடைய தயவுமன்று, உரிமை என்ற நிலை அதனால் வந்தது. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் ‘மையம்’ என்ற சொல்லில் தோட்டமும் இல்லை, முற்றமும் இல்லை. மக்கள் இன்றும் பால்வாடி என்றே சொல்வதற்குப் பழக்கம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை.

மற்ற வழக்குகளையும் பார்க்கலாம். மழலையர் பள்ளி அழகான தொடர்; ஆயினும் தமிழ்நாட்டில் அது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளின் பெயர்ப்பலகைக்கே உரியதாகிவிட்டது. 2019 சனவரியில் 2381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியபோதும் மக்கள் நாவில் அந்த ஆங்கில எழுத்துகளே நின்றன. மலேசியத் தமிழர் பாலர் பள்ளி என்கிறார்கள். அங்கே மலாயில் வழங்கும் ‘தாடிகா’ என்ற சுருக்கத்தின் முதல் சொல் தாமான், அதுவும் தோட்டம்தான். இலங்கையில் முன்பள்ளி என்பது நிலைத்த சொல். யாழ்ப்பாணத்து ஊர்களில் அதை நடத்துவது பெரும்பாலும் ஊரார் கூடி அமைத்த பொது மன்றமாகிய சனசமூக நிலையம். கட்டடத்துக்கும் ஆசிரியையின் கொடுப்பனவுக்கும் அவ்வூரிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் பணம் அனுப்புகிறார்கள். கற்பித்தல், ஊர்ப்பொறுப்பு இரண்டையும் மயக்கமின்றிச் சுமக்கும் தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் முன்பள்ளியையே பரிந்துரைப்பேன். அரசு நிலையத்தைக் குறிக்கக் குழந்தைகள் மையம் போதும். பேச்சிலும் கதையிலும் பால்வாடியை மாற்றத் தேவையில்லை. அது மரவாடியைப் போலத் தமிழாகிவிட்டது.

2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையோடு ‘பால வாடிகா’ என்று மற்றொரு வடிவம் வந்திருக்கிறது. முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டைக் குறிக்கும் அச்சொல்லின் பொருளும் குழந்தைத் தோட்டமே. ஒரே தோட்டத்துக்கு இரண்டு பெயர்ப்பலகை தமிழுக்கு வேண்டியதில்லை. அந்த ஓராண்டை முன்தொடக்க வகுப்பு என்று எழுதினால் எவருக்கும் விளங்கும்.